ரெண்டும் ஒண்ணுதான்

டிசம்பர் 8, ஞாயிறு

இந்த வீட்டில் மூளை என்று ஒன்று இருந்தால், அது காலையில் என்னோடு கடைக்குப் போய்விட்டு சாயங்காலம் என்னோடுதான் திரும்பி வருகிறது. நடுவில் மற்ற இரண்டு பேரும் அது இல்லாமலேயே காலம் தள்ளுகிறார்கள்.

பொங்கல் வருகிறது, ஹாலுக்கு பெயிண்ட் அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நடேசன், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையரானவர், ஆயுள் முழுக்கக் காக்கியைத் தவிர வேறு கலர் அறியாதவர், இன்றைக்கு பெயிண்ட் கடையிலிருந்து ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஹால் நடுவே சம்மணம் போட்டுவிட்டார். வெளிர் மஞ்சளாம். அதிலும் இரண்டாம். ஒன்றின் பேர் ‘பட்டர் க்ளோ’, இன்னொன்று ‘ஹனி மில்க்’. வெண்ணெயும் தேனும். சுவரில் அடிக்கவா, தோசைக்குத் தொட்டுக்கொள்ளவா?

இவர் வெண்ணெய்க் கட்சி. மகள் ரஞ்சனி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், தேன் கட்சி. மத்தியானச் சாப்பாடு வரை இதே கச்சேரி. கடைசியில் அட்டை என் மடிக்கு வந்தது. வராமல் எங்கே போகும்? தெப்பக்குளம் பக்கத்து மேட்சிங் சென்டரில் முதல் கவுண்டர் என்னுடையது. புடவையை விரித்துக்கூடக் காட்ட வேண்டாம். முந்தானை நுனியை நீட்டினால் போதும், அதற்கேற்ற ரவிக்கைத் துணியை அலமாரியிலிருந்து ஒரே இழுப்பில் உருவிப் போடுவேன். திருச்சியில் பாதிக் கல்யாணங்களுக்கு ரவிக்கை நான் கொடுத்ததுதான்.

அட்டையைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

“ரெண்டும் ஒண்ணுதான். கம்பெனிக்காரன் ஒரே டப்பாவுக்கு ரெண்டு பேரு வச்சு விக்கிறான். நீங்களும் வாயப் பொளந்துக்கிட்டு வாங்கிட்டு வந்துட்டீங்க.”

ரஞ்சனியும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் மாட்டிக்கொண்ட முழி. பெரிய ரசனைக்காரர்கள்!


டிசம்பர் 10, செவ்வாய்

தில்லைநகரிலிருந்து ஒரு டாக்டர் சம்சாரம் போன வாரம் வாங்கிய ரவிக்கைத் துணியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கறுப்புக் கேட்டாளாம், நான் நேவி ப்ளூ கொடுத்துவிட்டேனாம். கறுப்புக்கும் நீலத்துக்கும் எனக்கே பாடம். புருஷன் ஊசி போட்டால் இவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. கூலிங் கிளாஸைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிகிற கூட்டத்துக்குக் கலரைப் பற்றி என்ன தெரியும்?

முதலாளி ஹபீப் பாய் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அவருடைய வாப்பா இருந்தால் கொடுத்திருக்க மாட்டார். “எங்க மங்கையர்க்கரசி சொன்னா அதுதான் கலர்” என்று அடித்துச் சொல்லியிருப்பார்.

சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்த மாதிரி திரும்பி வர்றது இப்ப அடிக்கடி நடக்குது. தை மாசத்துக்கு கரூர் பார்ட்டி பெரிய கல்யாண ஆர்டர் கொடுக்கிறாங்க. அதுலயும் கலர் மாறிடுச்சுன்னா, முதல் கவுண்டர்ல நான் ஜான்சிய உக்கார வைக்க வேண்டியிருக்கும்.”

ஜான்சி! லைனிங் துணி கிழிக்கிறவள். இன்னும் மஜந்தாவை ‘டார்க் ரோஸ்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் என் நாற்காலியில் உட்காருவாளாம். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.


டிசம்பர் 11, புதன்

கடையில் டியூப் லைட்டை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். புதியதும் தண்டம். மங்கலாக எரிகிறது.


டிசம்பர் 15, ஞாயிறு

பெயிண்டர் ஆரோக்கியம் வந்து சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டம் அடித்துவிட்டுப் போனான். இவர் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பது போலப் பார்க்கிறார். காலை வெளிச்சத்தில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, விளக்கைப் போட்டு ஒருமுறை. ரஞ்சனி போட்டோ எடுத்து ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள். அங்கேயும் வெட்டியாக இருப்பவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்.

“வெண்ணெயில லேசா எலுமிச்சை அடிக்குது. தேன்ல கொஞ்சம் சிவப்பு ஓடுது, பாத்தியா?” என்றார்.

“ஓடட்டும், நீங்களும் பின்னாடியே ஓடுங்க.”

“இல்ல மங்கை, நெசமாவே உனக்கு வித்தியாசம் தெரியலயா?”

“இல்லாத வித்தியாசம் எப்படிங்க தெரியும்?”

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக, “ஒரு தடவ கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நான்கு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். கண்ணை வைத்துச் சோறு தின்கிறவள் நான். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வருகிற மனுஷர் என் கண்ணைப் பற்றிப் பேசுகிறார். ரஞ்சனி வேறு “அம்மா, நேத்து பஸ் நம்பர என்கிட்ட கேட்டியே” என்று எடுத்துக் கொடுக்கிறாள். பஸ்ஸில் நம்பரைப் பெரிதாக எழுதத் துப்பில்லை, அதற்கு நான் பழியா?

மத்தியானம் சமைக்கவில்லை. ஓட்டலில் வாங்கித் தின்றார்கள். நல்லா வேணும்.


டிசம்பர் 19, வியாழன்

ஜான்சி நான் எடுத்துப் போடுகிற துணியையெல்லாம் பில்லுக்குப் போகும் முன்னால் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறாள். “நூல் இழுத்திருக்கான்னு பாத்தேன்க்கா” என்கிறாள். நூல் பார்க்கிறவள் எதற்கு அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடிக்கிறாள்? பாய் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். போகட்டும், வெயிலில் நின்று கறுக்கட்டும்.


டிசம்பர் 22, ஞாயிறு

இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். எழுதும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

இவரும் ரஞ்சனியும் கும்பகோணத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். போகும் முன் அப்பனும் மகளும் ஒரு வழியாகச் சமாதானமாகி, ஹால் முழுக்கத் தேன் என்று முடிவு செய்திருந்தார்கள். ஆரோக்கியம் வந்தான். பட்டி, பிரைமர் எல்லாம் முன்பே முடிந்திருந்தது. கடைக்காரன் சாம்பிளுக்குக் கொடுத்ததும் இவர் அவசரப்பட்டு வாங்கியதுமாக வெண்ணெய் டப்பாவும் ஒன்று கிடந்தது.

“ஆரோக்கியம், டி.வி. இருக்கிற சுவருக்கு இதை அடி. மத்த மூணுக்கும் அதை அடி.”

அவன் தலையைச் சொறிந்தான். “அம்மா, மூலையில சேரும்போது அப்பட்டமாத் தெரியும்மா.”

“எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா? நான் என்ன வேல பாக்கிறேன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்மா.”

“அப்ப அடி.”

அடித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் அடித்தான். இரண்டு கோட் காய்ந்ததும் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தேன். ஒரே மஞ்சள். எந்த மூலையிலும் ஒரு பிசிறும் இல்லை. மனதுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டேன். இவர்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவர் “இந்தச் சுவர் வேற மாதிரி இருக்கே” என்று வாயைத் திறந்தால், மறுநாளே கண்ணாஸ்பத்திரிக்குப் போவது. மங்கையர்க்கரசி வாக்கு வாக்குதான்.

சாயங்காலம் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நான் டி.வி. பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

“எப்படி?” என்றேன்.

இவர் டி.வி. சுவரைப் பார்த்தார். பக்கத்துச் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நல்லா இருக்கு மங்கை,” என்றார்.

“நீ சொல்லுடி.”

“நல்லா இருக்கும்மா,” என்று சொல்லிவிட்டு ரஞ்சனி உள்ளே போய்விட்டாள். சாப்பிட வரும்போது கண் சிவந்திருந்தது. பெயிண்ட் நெடி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

இரண்டு வாரம் எலுமிச்சை அடிக்குது, சிவப்பு ஓடுது என்று உயிரை வாங்கியவர்கள்! ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியாவது, மண்ணாங்கட்டியாவது.


டிசம்பர் 23, திங்கள்

இவர் இன்றைக்கும் சுவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, ஜெயித்தது நான்.


ஜனவரி 3, வெள்ளி

கரூர் பார்ட்டி வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, கழுத்து நிறைய நகை, வாய் நிறைய அதிகாரம். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை நாலு பேர். தாலி கட்டும்போது பின்னால் நின்று முடிச்சுப் போடும் நாத்தனார்கள் அல்லவா, போட்டோவில் நாலு பேரும் ஒரே அச்சில் நிற்க வேண்டுமாம். அதற்காக ஒரே மாதிரி புடவை, சந்தன மஞ்சளில். ரவிக்கையும் புடவையின் உடம்புக் கலரிலேயே வேண்டும்.

எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உருவிப் போட்டேன். இரண்டு பேருக்குக் கிழித்ததும் ரோல் தீர்ந்தது. அடுத்த ரோலை எடுத்து மற்ற இரண்டு பேருக்கும் கிழித்தேன். ஜான்சி பக்கத்தில் வந்து நெளிந்தாள்.

“அக்கா, ஒரு நிமிஷம், நான் வெளிய வச்சுப் பாத்துட்டு…”

“நீ லைனிங்கப் பாரு.”

எல்லார் முன்னாலும் சொன்னேன். முகம் செத்துவிட்டது. என் கையாலேயே பார்சல் கட்டிக் கொடுத்தேன்.


ஜனவரி 9, வியாழன்

கரூர் அம்மாள் வந்தாள். தைத்த நாலு ரவிக்கையையும் கவுண்டரில் வீசினாள்.

“ரெண்டு ஒரு மஞ்சள், ரெண்டு ஒரு மஞ்சள். எம் பொண்ணுங்க நாலு பேரும் ஒரு வயித்துல பொறந்ததுங்க. மேடையில பாதிப் பேரு வேற வீட்டுக்காரங்க மாதிரி நிக்கணுமா? கண்ணு தெரியாதவங்கள எதுக்கு உக்கார வச்சிருக்கீங்க?”

கடை முழுக்க ஆள். நான் நாலையும் எடுத்துப் பார்த்தேன். ஒரே மஞ்சள். சத்தியமாக ஒரே மஞ்சள். திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம் பார்த்தேன். ஜான்சியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடையில் எதையும் தெரிந்துகொள்ளாத, பில் போடுகிற ஆள்கூடக் குனிந்துகொண்டான்.

பாய் அந்த அம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டு, புதிதாகத் துணியும் கொடுத்து, தையல் கூலியும் கொடுத்து அனுப்பினார். என்னிடம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எரிச்சல்.

“நாளையிலிருந்து நீங்க ஃபால்ஸ் கவுண்டர்ல உக்காருங்கக்கா.”

ஃபால்ஸ், உள்பாவாடை, ஊக்கு, நாடா. கடையின் கடைசி மூலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்கூட நான் அங்கே உட்கார்ந்ததில்லை.

வீட்டில் சொல்லவில்லை.


ஜனவரி 10, வெள்ளி

நாடா விற்றேன். சீ.


ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

நாத்தனார் வசந்தா குடும்பத்தோடு வந்தாள். எப்போதும் போல வாசற்படி தாண்டும் முன்பே குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். கோலம் சின்னது, கரும்பு ஒல்லி. ஹாலுக்குள் நுழைந்தாள்.

“ஏன் அண்ணி, அந்தச் சுவருக்கு மட்டும் வேற கலர் அடிச்சிருக்கீங்க? பெயிண்ட் பத்தலையா?”

இவர் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார். “அது டிசைன் வசந்தா, இப்ப எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க. நீ வா, பொங்கல் ஆறுது.” அவளைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். இவர் பொய் சொன்னால் காது சிவக்கும். சிவந்திருந்தது.

போன வாரம் நடந்தது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் வசந்தாவுக்கு நாலு வார்த்தை கொடுத்து விரட்டியிருப்பேன். ஆனால் அந்த நாலு ரவிக்கை கண் முன்னாலேயே கிடக்கிறது. அவர்கள் கிளம்பிப் போகும் வரை பரிமாறினேன், சிரித்தேன், வெற்றிலை பாக்கு கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டு இவரைப் பிடித்தேன்.

“எப்பத் தெரியும்?”

“என்னது?”

“நடிக்காதீங்க. சுவரு.”

இவர் ரஞ்சனியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். “நுழைஞ்சவுடனே தெரிஞ்சுதும்மா. ரெண்டு பேருக்கும்.”

“அப்ப ஏன்டி வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போறதா நான் பந்தயம் கட்டியிருந்தேன். போயிருப்பேன். கரூர் ஆர்டரத் தொட்டிருக்க மாட்டேன். இப்ப மூலையில உக்காந்து நாடா விக்கிறேன், தெரியுமா உங்களுக்கு? எல்லாம் உங்க நல்ல மனசு! யாருக்கு வேணும் உங்க நல்ல மனசு?”

கவுண்டர் போன விஷயம் அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். ரஞ்சனி அழ ஆரம்பித்தாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நீ சிரிச்சுக்கிட்டு நின்ன மங்கை. நீ அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. எனக்குச் சொல்ல வாய் வரல.”

முட்டாள். முழு முட்டாள். பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன்.


ஜனவரி 17, வெள்ளி

கண்ணாஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. முற்றியிருக்கிறதாம். டாக்டரம்மா ரஞ்சனி வயசுதான் இருப்பாள், “ஏம்மா இவ்ளோ நாள் விட்டீங்க? பழைய மஞ்சக் கண்ணாடி வழியாப் பாக்கிற மாதிரி இருந்திருக்குமே” என்று அதட்டுகிறாள். முதலில் வலது கண், ஒரு மாதம் கழித்து இடது.

இவர் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், நான் என்னவோ குழியில் விழப் போகிறவள் மாதிரி. உதறினேன். திரும்பவும் பிடித்தார்.


ஜனவரி 30, வியாழன்

வலது கண் ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டிருக்கிறார்கள். அந்த டாக்டர் சம்சாரம் மாதிரி இருக்கிறேன். எழுதக்கூடாதாம். ஒரு வரி எழுதினால் செத்தா போவேன்?


பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றுதான் கண்ணாடியைக் கழற்றி வீட்டைச் சரியாகப் பார்த்தேன்.

இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தால், டி.வி. சுவர் தனியாகக் கத்துகிறது. எலுமிச்சை அடிக்கிறது. மற்ற மூன்று சுவரிலும் சிவப்பு ஓடுகிறது. மூலையில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, குருடனுக்கும் தெரியும். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். இந்த லட்சணத்துக்கு நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து டி.வி. பார்த்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை இல்லாமல்.

இவர் வந்து பக்கத்தில் நின்றார். “இப்பத் தெரியுதா?”

“தெரியுது.”

“ஆரோக்கியத்தக் கூப்பிட்டு ஒரே கலரா அடிச்சிடலாம். நீயே சொல்லு, எது வேணும்?”

நன்றாக, நிதானமாகப் பார்த்தேன்.

“ரெண்டும் சகிக்கல,” என்றேன்.


பிப்ரவரி 10, திங்கள்

பாய் நேற்று போன் செய்து ஆபரேஷன் ஆன கண்ணை விசாரித்தார். மாசி முகூர்த்தம் வருகிறது, ஜான்சி ஒருத்தியால் சமாளிக்க முடியவில்லை, நாளையிலிருந்து முதல் கவுண்டருக்கே வந்துவிடுங்கள் என்றார். வந்தால் வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். போனை வைத்துவிட்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

காலையில் கடைக்குக் கிளம்ப பீரோவைத் திறந்தேன். என் புடவைகளை எப்போதும் ஜோடி ரவிக்கையோடு சேர்த்துத்தான் மடித்து வைப்பேன். மேலே இருந்ததை எடுத்தேன். கத்தரிப்பூப் புடவை. அதற்கு நான் சேர்த்து வைத்திருந்தது கருநீல ரவிக்கை. அடுத்ததை எடுத்தேன். சந்தனக் கலருக்கு வெள்ளை ரவிக்கை. அதற்கடுத்தது மயில் கழுத்து, ரவிக்கை பச்சை. ஒவ்வொன்றாகக் கட்டில் மேல் பிரித்துப் போட்டேன். போன தீபாவளிக்கு முன்னால் வாங்கியவை, அதற்கும் முன்னால் வாங்கியவை. ஒன்றுகூடச் சேரவில்லை.

இவற்றைத்தான் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு மேட்சிங் சென்டரின் முதல் கவுண்டரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த டாக்டர் சம்சாரம் பார்த்திருப்பாள். கரூர் அம்மாள் பார்த்திருப்பாள். பாய் பார்த்திருப்பார். ஜான்சி தினமும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நான் மற்றவர்களுக்குக் கண் இல்லை என்று சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒருத்தராவது.

கட்டில் மேல் உட்கார்ந்துவிட்டேன். இவர் காபியோடு வந்து வாசலில் நின்றார். பரத்திக் கிடந்ததைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போகப் பார்த்தார்.

“நில்லுங்க.”

நின்றார்.

கத்தரிப்பூப் புடவையையும் கருநீல ரவிக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். “இது சேருதா?”

வழக்கமான அந்த ‘நல்லா இருக்கு மங்கை’ உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன், இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

“சொல்லித் தொலைங்க.”

“சேரல,” என்றார்.

“அது?”

“அதுவும் சேரல.”

“அந்த மயில் கழுத்து?”

“அதுதான் ரொம்ப மோசம் மங்கை. ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கும்.”

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் பேச்சு. காபியை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார், அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு எல்லா ரவிக்கையையும் கட்டிலில் குவித்து, அவரை எதிரே உட்கார வைத்து, ஒவ்வொரு புடவையாகத் தூக்கிக் காட்டினேன். எனக்கு ஒரு கண்தான், அவருக்கு இரண்டு. கடைக்குப் போக நேரமாகிவிட்டது.